ஆறில் ஐந்து முடியாதவர்

நாமக்கல்,
10.11.2025

மதிப்பிற்குரிய திரு. சடையன் அவர்களுக்கு,

என் பெயர் ச. தோமினிக். சேலம், நாமக்கல் சமவெளியில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் உடல் இயலாமையையும் எஞ்சிய ஆயுளையும் சமூகவாரியாக ஒப்பிடும் ஆய்வின் கள ஒருங்கிணைப்பாளர். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: தங்கள் முறையீட்டை ஏற்க இயலாது என்பதையும் அதற்கான காரணத்தையும் மரியாதையுடன் தெரிவிப்பது.

சென்ற வியாழனன்று நான் வெளியூரில் இருந்த வேளையில் தாங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கள ஆய்வாளர் செல்வி நர்மதாவிடம் எங்கள் முடிவுச் சீட்டை நீட்டி, "இதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக் குடு அம்மிணி" என்று கேட்டதாக அறிந்தேன். அவர் சொன்ன விளக்கம் காது மந்தத்தால் தங்களுக்கு எட்டவில்லை என்றும், தொலைபேசியும் பயன்படாது என்றும் அவர் குறித்துள்ளார். ஆகவே அஞ்சல்.

எங்கள் ஆய்வு இரு பிரிவினரை எடுத்துக்கொண்டது. முதலாவது, இங்கே தலைமுறைகளாக வாழும் இந்து வேளாண், உழைப்பாளர் குடும்பங்கள். இரண்டாவது, சேலம் நகரிலும் சுற்றியுள்ள தேவாலயப் பங்குகளிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லல், படுக்கையை விட்டு எழுதல், வெளியே நடந்து வருதல் ஆகிய ஆறு செயல்களையும் பிறர் துணையின்றிச் செய்ய முடியுமா என்று எல்லாரிடமும் ஒரே சொற்களில் கேட்டோம். தாங்கள் ஐந்துக்கு 'முடியாது' என்றீர்கள். கழிப்பறைக்கு மட்டும், "அத நானே பாத்துக்குவேன்" என்றதாகப் பதிவாகியிருக்கிறது.

பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவைச் சீட்டாக வழங்க வேண்டும் என்பது நானே வற்புறுத்திச் சேர்த்த விதி. அதன்படியே தங்களுக்கு, 'ஆறில் ஐந்து செயல்களுக்குப் பிறர் துணை தேவை. நெடுநடையும் மலையேற்றமும் தவிர்க்கவும்' என்ற சீட்டு வந்தது. சொன்ன பதிலை மாற்ற விதியில்லை. மறுப்பு ஏதேனும் இருப்பின் முப்பது நாளுக்குள் எழுத்தில் தரலாம்.

இங்ஙனம்,
ச. தோமினிக்


ஊஞ்சக்காட்டு வலசு,
சங்ககிரி வழி,
14.11.2025

தோமினிக் சார் அவர்களுக்கு,

சடையன் எழுதுவது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து தீர்மானம் எழுதிப் பழகிய கை இது. எழுத்தில் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. வாயால் பேசினால் நான் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது எனக்குக் கேட்காது. அது நியாயமில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நர்மதா அம்மிணி வந்தபோது நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். மருமகள் மஞ்சுளா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாய் நின்றாள். பக்கத்து வீட்டு அத்தாயியும் வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். இந்த ஊரில் ஒரு சேதி முதலில் அத்தாயிக்குத் தெரியும், பிறகுதான் சேதிக்கு உரியவனுக்குத் தெரியும்.

"ஏனுங்க ஐயா, நீங்களாவே குளிச்சுக்குவீங்களா?" என்று அந்தப் பெண் என் காதில் கத்தியது.

"அதெப்படீங்க அம்மிணி? மருமவ தண்ணி காயவெச்சு, வெளாவிக் குடுத்தாத்தான்."

"துணி உடுத்தறது?"

"அவ எடுத்து வெச்சாத்தான் கட்டுவேன்."

"சாப்பாடு?"

"நானாப் போட்டுத் தின்னு பழக்கமே இல்லீங்க. ஊட்டுல ஆளு இல்லாத மாதிரியில்ல இருக்கும்?"

கட்டிலை விட்டு எழவும் வெளியே போய் வரவும் மருமகள் கை கொடுத்தால்தான் என்று சேர்த்துச் சொன்னேன். அத்தாயி தலையை ஆட்டினாள். மஞ்சுளா முகத்தில் ஒரு பூரிப்பு. சார், மருமகள் இருக்கிற வீட்டில் மாமனார் தானே தண்ணீர் மொண்டு குளிக்கிறான் என்று வெளியாளிடம் சொன்னால், ஊர் என்னைப் பேசாது, அவளைப் பேசும். அவள் என்னைத் தங்கமாய்த்தான் பார்த்துக்கொள்கிறாள். அதைத்தான் நான் சொன்னேன். நீங்கள் என்னை ஐந்து இடத்தில் முடியாதவனாக்கி அனுப்பிவிட்டீர்கள்.

என் மகன் ஜெயபிரகாஷ் லாரி வைத்திருக்கிறான். உங்கள் சீட்டைச் சங்ககிரிக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான்.

"அப்பா, இதுல நடக்கக் கூடாதுன்னு எழுத்துலயே போட்டிருக்குது. தைப்பூசத்துக்கு இந்த வருசம் பஸ்ஸுல போயிக்கலாம்."

இருபது வருசத்துக்கும் மேலாக நான் பழனிக்கு நடக்கிறவன். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வர முருகன் என்ன எனக்குச் சம்பந்தியா? அதிலும் எங்கள் குழுவில் மூத்தவன்தான் வேலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். இப்போது மூத்தவன் நான். மகன் சம்மதமில்லாமல் பெயரைச் சேர்க்க மாட்டோம் என்று குழுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் பட்டியல் முடிந்துவிடும்.

ஆகவே அந்தச் சீட்டை மாற்றித் தர வேண்டும். இது என் மறுப்பு.

சடையன்


நாமக்கல்,
20.11.2025

மதிப்பிற்குரிய திரு. சடையன் அவர்களுக்கு,

தங்கள் மறுப்பு உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. தெளிவான கையெழுத்துக்கு நன்றி.

'உங்களால் முடியுமா' என்ற வினாவுக்குத் தாங்கள் 'என் மருமகள் நல்லவள்' என்று விடை அளித்திருப்பதாக இப்போது எழுதுகிறீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விடை அளித்தவரே பின்னர் வந்து மாற்றலாம் என்று ஒருவருக்கு இடங்கொடுத்தால், மகனோடு சண்டையிட்ட ஒவ்வொருவருக்கும் இடங்கொடுக்க நேரிடும். நூற்றில் பத்துப் பேரை மறுபடி அளப்பதற்கு விதி உண்டு. அவர்களைக் குலுக்கலில் தேர்ந்தோம். தங்கள் பெயர் வரவில்லை. நான் வருந்துகிறேன். குலுக்கலுக்கு வருத்தம் கிடையாது.

தங்கள் பதில் தனித்த ஒன்றன்று என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் பக்கத்து மூத்தோர் பெருமளவில் 'முடியாது' என்கிறார்கள். ஆயினும் எங்கள் கணக்குப்படி அவர்களே நீண்ட காலம் வாழ்கிறார்கள். கத்தோலிக்க மூத்தோர் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 'முடியும்' என்கிறார்கள். அவர்கள் ஆயுளோ சற்றுக் குறைவு. ஒரு சாரார் இயலாமையோடு நெடுநாள், மறு சாரார் இயலும் உடலோடு குறுநாள். இதுவே என் அறிக்கையின் மையம். அன்றாடம் பூசைக்கு நடப்பதும் முழந்தாளிடுவதும் கத்தோலிக்கரின் மூட்டுகளைக் காக்கின்றன என்றும், வயல்வெளி உழைப்பும் கம்பு, ராகி உணவும் தங்கள் சமூகத்தாரின் ஆயுளை நீட்டுகின்றன என்றும் இரண்டு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். நன்றாக வந்திருப்பதாக ஆலோசனைக் குழுவும் கருதுகிறது.

தாங்கள் பேருந்தில் சென்று தரிசிப்பதே இப்போதைக்கு உகந்தது.

இங்ஙனம்,
ச. தோமினிக்


ஊஞ்சக்காட்டு வலசு,
27.11.2025

தோமினிக் சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, சொல்லி ஆகாததைச் செய்து காட்டலாம் என்று திங்கட்கிழமை விடியலில் வலசிலிருந்து சங்ககிரிக்கு நடக்கக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்து, மகனுடைய லாரி ஆபீஸ் வாசலில் நின்று, "டேய், வந்துட்டேன்" என்று சொல்லலாம் என்பது திட்டம். பாதி தூரம் நன்றாகவே போயிற்று. அப்புறம் ஒரு லாரி பக்கத்தில் வந்து நின்றது. எங்கள் லாரிதான். டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"ஐயா, ஏறுங்க."

"நடந்துக்கிறேன் சாமி, நீ போ."

"மொதலாளி போன் பண்ணிட்டாருங்க. நீங்க ஏறலீன்னா நான் வேலைய உட்டு எறங்கோணும். எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க."

அவன் பிள்ளைகளுக்காக ஏறினேன். மாட்டுத்தீவன மூட்டையோடு மூட்டையாக வீடு வந்து சேர்ந்தேன். காலண்டர் பக்கத்தில் உங்கள் சீட்டு பளபள என்று என்னைப் பார்த்தது.

உங்கள் இரண்டு பக்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கம்பும் ராகியும் தின்றதால் நாங்கள் ஆயுசு கெட்டி என்கிறீர்கள். எங்கள் ஊரில் கம்பு தின்றவனெல்லாம் என் அப்பன் காலம். நாங்கள் ரேஷன் அரிசியும் புரோட்டாவும் தின்று வளர்ந்த கிழவர்கள்.

இன்னொன்று. உங்கள் ஆட்களில் யாருமே முடியாது என்று சொல்லவில்லை என்கிறீர்கள். மூட்டு என்பது மதம் பார்த்தா வலிக்கும்? நர்மதா அம்மிணி மோர் குடிக்கும்போது மஞ்சுளாவிடம் சொல்லியதாம், உங்கள் தாயார் சேலத்தில் தனியாக இருக்கிறார்கள், அவர்களும் இந்த ஆய்வில் ஒருத்தர் என்று. எங்கள் வீட்டில் முடியாது என்று சொன்னால் ஓடி வர மருமகள் இருக்கிறாள், அதனால் துணிந்து சொல்கிறோம். தனியாக இருக்கிற மனுசி முடியாது என்று சொன்னால் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அறிக்கைக்காக இல்லாவிட்டாலும் பெற்றவளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சடையன்


நாமக்கல்,
09.12.2025

மதிப்பிற்குரிய திரு. சடையன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி வரம்பு மீறியது என்று ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை.

நேற்று மாதாவின் அமலோற்பவத் திருநாள். சேலத்துக்குச் சென்று என் தாயார் மரியபுஷ்பத்துடன் பூசைக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. எல்லாரும் முழந்தாளிட்ட நேரத்தில் அவர் மட்டும் பெஞ்சில் அமர்ந்து, கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார். நடுப்பூசை முடிந்து எல்லாரும் எழுந்ததும் தேடுவதை நிறுத்தினார். எதையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையைப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் முக்காலி. சன்னல் கம்பியில் முறுக்கிக் கட்டிய பழைய புடவை, பிடித்து எழுவதற்கு.

"என்னம்மா இது?"

"காயப்போட்டிருக்கேன்."

"முடிச்சுப் போட்டா காயப்போடுவாங்க?"

"அம்பது வயசாகுது, அம்மா குளிக்கிற ரூமுல உனக்கென்னடா வேலை?"

எங்கள் ஆய்வாளர் ஜாக்குலின் வந்தபோது ஆறுக்கும் முடியும் என்றுதான் சொன்னாராம். "அந்தப் பொண்ணு நடு வாசல்ல நின்னு கேக்குது, தெருவே காது குடுக்குது. முடியலன்னு சொன்னா ஞாயித்துக்கிழமையே சாமியார் நன்மை அப்பத்த வீட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டா, அப்புறம் சாகுறதுக்கு முன்னாடி எண்ணெய் பூசுற அவஸ்தைப்பூசுதல் எப்பன்னுதான் எல்லாரும் கேப்பாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா? மறுநாளே விதிப்படி என்னை நாமக்கல்லுக்கு ஏத்திட்டுப் போயிருப்ப. அங்க கோழிப்பண்ணைக் காத்துல உக்காந்து நான் யார்கிட்ட பேசுறது? இங்க பாட்டுக் குழுவுல இன்னும் எனக்குத்தான் முதல் குரல்."

உறவினர் தாளை நான் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. திறக்கவில்லை. அந்தப் பங்கின் மொத்தக் கணக்கை மட்டும் எடுத்தேன். தனியே வாழும் கைம்பெண்களில் ஒருவர்கூட எதற்குமே 'முடியாது' என்று சொல்லியிருக்கவில்லை. மருமகளோடு வாழும் ஒருசில கத்தோலிக்கப் பெண்களோ தங்கள் ஊரைப் போலவே தாராளமாக 'முடியாது' என்றிருக்கிறார்கள். நாங்கள் அளந்தது மூட்டுகளை அன்று. யாருடைய பெயர் கெடும் என்ற அச்சத்தை அளந்து, அதற்குச் சமூகத்தின் பெயரைச் சூட்டி, கம்பு, ராகி என்று காரணமும் எழுதியிருக்கிறேன்.

ஆலோசனைக் குழுவிடம் இன்று அனுமதி பெற்றுவிட்டேன். இனி 'முடியுமா' என்று கேட்கப் போவதில்லை. 'விருப்பமிருந்தால் செய்து காட்டுங்கள்' என்றே கேட்போம், எல்லாரையும். தங்களிடம் இருபதாம் தேதி நானே வருகிறேன். நிபந்தனைகள் இரண்டு. அளக்கும் நேரத்தில் தங்கள் மருமகளோ திருமதி அத்தாயியோ அருகில் இருத்தல் ஆகாது. மேலும், திருத்துவதாயின் தாள் முழுவதும் முதல் வரியிலிருந்து திருத்தப்படும்.

இங்ஙனம்,
ச. தோமினிக்


ஊஞ்சக்காட்டு வலசு,
15.12.2025

தோமினிக் சார் அவர்களுக்கு,

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கைப்பைக்குள் தேடுகிற யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

நீங்கள் வருவதில் சந்தோசம். மஞ்சுளாவை அன்றைக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அத்தாயிக்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது.

ஆனால் முதல் வரியிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாளின் முதல் வரி வயது அல்லவா? அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, கீழே இருப்பதைத் திருத்தினால் போதாதா?

ஏன் கேட்கிறேன் என்றால், என் ஆதார் அட்டையில் எழுபத்தொன்பது. எங்கள் குழுவில் தங்கசாமி என்று ஒருத்தன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அட்டை எடுக்கிற ஆட்கள் ஊருக்கு வந்தபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்று அவன் பிறந்த வருசத்தைச் சொன்னான். அது என் காதில் விழுந்தது, அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுத்ததாக நான் போய் அதற்கும் இரண்டு வருசம் முன்னால் பிறந்துவிட்டேன். வேறு எதற்கும் இல்லை, வேலுக்காகத்தான். அவன் வேல் பிடித்தால் ஆடி ஆடி நடப்பான், பின்னால் வருகிறவனுக்கு எரிச்சல் வரும்.

என் அசல் வயது எழுபத்தைந்து. அதைத் தாளில் எழுதினால் சீட்டில் வரும். சீட்டு குழுவுக்குப் போகும். தங்கசாமி சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிப்பான்.

யோசித்து எழுதவும்.

சடையன்


நாமக்கல்,
26.12.2025

மதிப்பிற்குரிய திரு. சடையன் அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். முதல் வரி முதல் வரியே. நேரில் சொன்னதை எழுத்திலும் உறுதி செய்கிறேன்.

தங்கள் ஒருவருடைய வயதோடு இது முடியவில்லை. கத்தோலிக்கர் ஒவ்வொருவரின் பிறந்த நாளும் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. அதில் எவரும் நினைத்தபடி முதுமை அடைய முடியாது. தங்கள் பக்கத்தில் பெரும்பாலான வயதுகள் ஐந்திலும் சுழியிலும் முடிகின்றன, அல்லது வரிசையில் முன்னால் நின்றவருடையதை விட இரண்டு கூடுதலாக இருக்கின்றன. எழுபத்தைந்து வயதுக்காரர் எழுபத்தொன்பது என்று சொல்லிவிட்டு எழுபத்தைந்து வயதுக்காரரைப் போலவே உலவினால், அந்தச் சமூகமே நீண்ட ஆயுள் உடையது போலத்தான் கணக்கில் தோன்றும். வேறுபாடே இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அதை அளந்தபின் சொல்வேன். ஒப்பீட்டு அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் இரண்டு பக்கங்களையும்.

இருபதாம் தேதியின் முடிவு இது. தாங்களே வெந்நீர் வைத்து, விளாவி, குளித்து, வேட்டி கட்டி, சோறு போட்டு உண்டீர்கள். எனக்கும் போட்டீர்கள். குழம்பில் உப்பு மிகுதி என்பது அளவீட்டில் சேராது. மதில்மேல் தெரிந்த தலை திருமதி அத்தாயியுடையது எனில் அது விதிமீறல். ஆயினும் பதிவில் குறிக்கவில்லை. பின்னர் ஏரிக்கரை வரை நடந்தோம். தாங்கள் எங்கும் நிற்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் இருமுறை நின்றேன்.

திரும்பும்போது பின்னால் வந்த டிராக்டரைத் தாங்கள் கேட்கவில்லை. ஓட்டுநர் ஒலியெழுப்பியும், "ஐயா, ஓரம் போங்க!" என்று கத்தியும் தாங்கள் தங்கசாமியின் நடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஆகவே புதிய சீட்டு இவ்வாறு அமைகிறது: 'வயது எழுபத்தைந்து. ஆறு செயல்களும் பிறர் துணையின்றி முடியும். நெடுநடைக்குத் தடையில்லை. செவித்திறன் குறைவு, சாலையில் காது கேட்கும் ஒருவர் உடன் நடந்தாலன்றிச் செல்லலாகாது.'

அம்மா நேற்று முன்தினம் நடுச்சாமப் பூசைக்கு வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவரச் செய்து, எல்லாரும் முழந்தாளிட்டபோது அதில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "புஷ்பம், எனக்கும் ஒண்ணு சொல்லிவிடேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு நாற்காலி சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்.

இணைப்பு: புதிய சீட்டு.

இங்ஙனம்,
ச. தோமினிக்


ஊஞ்சக்காட்டு வலசு,
02.01.2026

தோமினிக் சார் அவர்களுக்கு,

சீட்டு வந்தது. நானே உரக்கப் படித்தேன், வீடே கேட்டது.

முதலில் மஞ்சுளா. "ஏனுங்க மாமா, இத்தன நாளும் நீங்களே குளிச்சுக்குவீங்களா? அப்புறம் நான் எதுக்குங்க கருக்கல்லயே எந்திரிச்சு அடுப்புக்கு மூஞ்சியக் குடுத்துட்டு நின்னேன்?" என்றாள்.

"உன்ற பேருக்காவத்தான் அம்மிணி அப்படிச் சொன்னேன்."

"எம்பேரு நல்லாத்தான் இருக்குது. நாளையிலிருந்து தண்ணிய நீங்களே காயவெச்சுக்குங்க. எனக்கும் ஒரு குண்டா சேத்து வெய்யுங்க."

வைக்கிறேன் சார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்தாயி இதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு கிழவர்கள் வந்து, அந்த நாமக்கல் சார் எங்கள் வீட்டுக்கு எப்போது வருவார் என்றார்கள். மூன்று கிழவர்கள் வந்து, எங்கள் வீட்டுப் பக்கம் வரவே வேண்டாமென்று சொல் என்றார்கள்.

அடுத்து குழு. சீட்டை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தங்கசாமி கண்ணாடியைப் போட்டான். நினைத்த மாதிரியே முதல் வரியில் நின்றான்.

"ஏன்டா சடையா, ஒரே மாசத்துல நாலு வயசு எளைச்சுப் போயிட்டியே? என்ன மருந்துடா தின்னே? எனக்கும் ரெண்டு வாங்கிக் குடு."

எல்லாரும் சிரித்தார்கள். என் காதுக்குக்கூடக் கேட்கிற மாதிரிச் சிரித்தார்கள். எழுந்து வேலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முன்னால் நடக்காவிட்டால் என்ன, நடந்தால் போதும் என்றுதான் கொடுத்தேன். அவன் அதை வாங்கி அங்கேயே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினான்.

இப்போது சிக்கல் உங்கள் கடைசி வரி. ஜெயபிரகாஷ் பழைய சீட்டைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டான். கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னான். "ஆனா காது கேக்கற ஆளு கூட நடக்கோணும்னு போட்டிருக்குதுங்கப்பா. அது யாரு?" என்று கேட்கிறான். அவனுக்குத் தை மாதம் லோடு அதிகம், ஆறு நாள் விட முடியாது. அவன் மேல் தப்பில்லை. குழுவில் இளவட்டங்கள் விறுவிறு என்று ஒரு ஊர் முன்னால் போய்விடுவார்கள். என் வேகத்துக்கு நடக்கிறவன் தங்கசாமி ஒருத்தன்தான், அவனுக்கு என்னைவிடக் காது மோசம். நாங்கள் இரண்டு பேரும் ஹைவேயில் சேர்ந்து நடந்தால் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாருக்கும் லாரி வருவது கேட்கும்.

பன்னிரண்டாம் தேதி பட்டியல் முடிகிறது. வேலையும் கொடுத்து, வயதையும் கொடுத்து, வெந்நீரும் நானே வைத்து, கடைசியில் பஸ்ஸிலா சார் போக வேண்டும்? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடக் கூடாதா?

சடையன்


நாமக்கல்,
06.01.2026

மதிப்பிற்குரிய திரு. சடையன் அவர்களுக்கு,

அந்த வரியை எடுக்க இயலாது. டிராக்டரை நான் பார்த்தவன்.

செவிக்கருவி பொருத்தலாம் என்று முதலில் எண்ணினேன். பழகச் சில வாரம் பிடிக்கும் என்கிறார் மருத்துவர். தைப்பூசத்துக்குப் பின் அதற்கு நானே தங்களை அழைத்துச் செல்வேன். அப்போது மறுக்கலாகாது. கூலிக்கு ஒருவரை அமர்த்தலாம் என்பது இரண்டாவது எண்ணம். தங்கள் பேச்சை ஆறு நாள் கேட்டு, அதற்கு நடுவே லாரியையும் கேட்கக்கூடியவர் எளிதில் அகப்பட மாட்டார்.

சேலத்தில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஆளுங்க வேளாங்கண்ணிக்கு நடக்கும்போது வழியெல்லாம் யார் மோர் குடுக்குறாங்க? ஞானஸ்நானம் ஆச்சான்னு கேட்டுட்டா குடுக்குறாங்க?" என்றார். பிறகு என் காலணியைப் பார்த்துவிட்டு, "இதுல நடந்தா ரெண்டாம் நாளே உனக்குத்தான் ஆறுல அஞ்சு முடியாது. வேற வாங்கு" என்றார்.

ஆகவே பின்வருமாறு முடிவு செய்து, அதைத் தங்கள் மகனுக்கும் குழுவுக்கும் தனித்தனியே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். தங்கள் பெயர் பட்டியலில் சேர இனித் தடையில்லை. என் செவித்திறனை நேற்று சோதித்துக்கொண்டேன். இயல்பாக உள்ளது, சான்று இணைத்துள்ளேன். ஐந்து நாள் விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். முதல் நாள் குடியரசு நாள் விடுமுறை என்பதால் ஆறாவது நாளுக்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை. காவடி எடுக்க மாட்டேன், அது என் வழிபாடு அன்று. குழுவின் உணவு, ஒழுக்க விதிகளை முழுமையாகக் கடைப்பிடிப்பேன். அவற்றை எழுத்தில் தந்தால் நன்று. வேப்பமரம் தென்படும் இடங்களில் நான் நிற்க நேரலாம். தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இருபத்தாறாம் தேதி விடியுமுன் ஊஞ்சக்காட்டு வலசுக்கு வந்துவிடுவேன். பழனி அடிவாரம் வரை தங்களுக்கும் சாலைக்கும் இடையில் நான் நடப்பேன். பின்னால் கார் வந்தால் தங்கள் தோளை ஒருமுறை தட்டுவேன். லாரி வந்தால் இருமுறை தட்டுவேன். தங்கசாமி அவர்கள் வேலோடு ஆடத் தொடங்கினால் மும்முறை தட்டுவேன், தாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ச. தோமினிக்